தலைப்புக் கோப்புகளும் மொழிப் பிணைப்பும்

கைத்தொலைபேசியில் ‘கொடி’ என்னும் சொல்லை ஒருவர் எழுதுகின்றார். நினைவகத்தில் முதலிற் ககரமும் அதனையடுத்து ஒகரக் குறியும் வரிசையாகப் பதிகின்றன. திரையிலே தோன்றும்போது அவ்வொகரக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னும் நிற்கின்றன. நினைவகத்து வரிசை வேறு; கண்ணுக்குத் தோன்றும் வரிசை வேறு. இவ்விரண்டையும் இணக்கி, எழுத்துக்களை உரிய இடத்தில் இருத்துகின்ற வேலையை அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும், குறோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகளிலும் பல ஆண்டுகளாகச் செய்து வருவது ஹார்ஃபஸ் என்னும் ஒரு செய்நிரல் நூலகமாகும். தமிழ் மட்டுமன்றி அரபு, தேவநாகரி, சிங்களம் முதலிய எழுத்துக்களையும் அதுவே ஒழுங்கு செய்கின்றது.

இந்நூலகம் உள்ளே சீ பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. ஆயினும் வெளியாருக்கு அது காட்டும் முகம் சீ மொழியின் முகமே. பைதன் மொழியிலோ றஸ்ட் மொழியிலோ செய்நிரல் எழுதும் ஒருவர் இதனைப் பயன்படுத்த விரும்பின், தம் மொழிக்கும் சீ மொழிக்கும் இடையே பாலமொன்று அமைத்துக்கொள்ளல் வேண்டும். அப்பாலத்தையே பிணைப்பு என்பர். அதனைக் கையால் அமையாது, சீ மொழித் தலைப்புக் கோப்புகளை ஒரு பொறியிடம் கொடுத்துத் தானாகவே ஆக்குவித்துக்கொள்ளலாகாதா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. அஃது எவ்வளவிற்கு இயலும், எவ்விடத்தில் இயலாது, இயலாமைக்குக் காரணம் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். கணினித் தொழிலிற் புகுந்துள்ள பழைய மாணவர்க்கு இவற்றுட் சில பழகிய செய்திகளாயிருக்கலாம். வகுப்பறையிலிருக்கும் மாணவரையும் மனத்திற்கொண்டு யாம் முதலிலிருந்து தொடங்குகின்றோம்.

சீ மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவரால் ஆக்கப்பட்டது. யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையோடு சேர்ந்தே அது வளர்ந்தது. 1978 இல் பிறையன் கேர்ணிகனும் றிச்சியும் இணைந்து எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. 1989 இல் அமெரிக்க நியமமும் 1990 இற் சர்வதேச நியமமும் அதற்கு வகுக்கப்பட்டன. அதன்பின் எத்தனையோ மொழிகள் தோன்றியுள்ளன. எனினும் ஒரு மொழியில் எழுதிய செய்நிரல் மற்றொரு மொழியில் எழுதியதை அழைக்க வேண்டுமிடத்து, இரண்டும் பெரும்பாலும் சீ மொழியின் அழைப்பு முறையையே கையாளுகின்றன. வெவ்வேறு தாய்மொழியினர் சந்தையிற் கூடும்போது பொதுமொழியொன்றிற் பேசிக்கொள்வது போன்றது இது.

இனித் தலைப்புக் கோப்பென்பது யாதெனிற் கூறுவாம். ஒரு நூலகத்தில் உள்ளவற்றைச் சீ மொழித் தொகுப்பிக்கு அறிவிக்கும் பட்டியலே அது. ஒவ்வொரு சார்பின் பெயரும், அஃது ஏற்கும் பெறுமானங்களின் வகையும், திருப்பித் தரும் பெறுமானத்தின் வகையும் அதிற் காணப்படும். கட்டமைப்புகளின் உறுப்புகளும் மாறிலிகளின் பெயர்களும் அங்கே உள. இவையெல்லாம் ஒழுங்கான இலக்கணத்தோடு எழுதப்பட்டிருத்தலின், அவற்றை வாசித்துப் பிறமொழிக்குப் பெயர்த்தல் பொறிக்கு எளிதென்றே எவருக்கும் தோன்றும். கையாற் பெயர்ப்பதிலுள்ள இடரும் சிறிதன்று. பெரிய நூலகமொன்றில் ஆயிரக்கணக்கான சார்புகள் இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றன் வகையை மாற்றி எழுதிவிட்டாலும் செய்நிரல் உடனே நின்றுவிடும் என்பதில்லை. பிழையான எண்ணை ஏந்திக்கொண்டு மேலே செல்லவும் கூடும். நூலகம் புதுப்பிக்கப்படுந்தோறும் பெயர்ப்பு வேலையையும் மீளச் செய்தல் வேண்டும்.

இவ்விடரை நீக்க எழுந்த கருவிகளுட் பெயர்பெற்றது ஸ்விக் என்பது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் 1995 இல் டேவிட் பீஸ்லி என்பவர் அதனை ஆக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டில் வெளியிட்டார். சீ மொழியிலமைந்த விஞ்ஞானக் கணிப்புச் செய்நிரல்களை, எளிதிற் கையாளத்தக்க மொழிகளிலிருந்து இயக்குதற்கு அது பயன்பட்டது. பின்னர் பைதன் மொழிக்குச் ‘சீஎஃப்எஃப்ஐ’, றஸ்ட் மொழிக்குப் ‘பைண்ட்ஜென்’, ஜாவா மொழிக்கு ‘ஜேஎக்ஸ்ட்ராக்ட்’ எனப் பல கருவிகள் வந்தன. இவற்றுள் எதனைக் கையாண்டாலும் ஏதோவோரிடத்தில் மனிதரின் கை வேண்டப்படுகின்றது. அது கருவி செய்தோரின் திறக்குறைவன்று. தலைப்புக் கோப்பின் இயல்பே அத்தகையது. எழுதப்பட்டதைப் பொறி பெயர்க்கும். எழுதப்படாததை அஃது எங்ஙனம் அறியும்?

முதற்றடை முன்செயலியினால் வருவது. தலைப்புக் கோப்பில் யாம் காண்பது முழுவதும் சீ மொழியன்று. அதில் ஒரு பகுதி, தொகுப்பிக்கு முன்னே வேலைசெய்யும் முன்செயலிக்கு இடப்பட்ட கட்டளைகள். முன்செயலி சொற்களை நீக்கி வேறு சொற்களை வைக்கும் தொழிலையே அறியும். தரவு வகைகளை அறியாது. மக்ரோ எனப்படும் சுருக்கப் பெயர்களை அது விரித்துவைத்த பின்னரே தொகுப்பி கோப்பை வாசிக்கின்றது. ஹார்ஃபஸ் நூலகத்தில் ‘எச்பி-டாக்’ என்றொரு மக்ரோ உண்டு. நான்கு எழுத்துக்களைக் கொடுத்தால் அவற்றை அது ஒரே எண்ணாகக் கோத்துத் தரும். ‘ரி’ என்னும் பெரிய உரோம எழுத்தையும் ‘ஏ’, ‘எம்’, ‘எல்’ என்னும் சிறிய எழுத்துக்களையும் அவ்வாறு கோத்துப் பெற்ற 1415671148 என்னும் எண்ணே அந்நூலகத்திற் தமிழெழுத்து முறையின் அடையாளம். அவ்வெண் மாறிலியாகப் பதியப்பட்டிருத்தலின் அதனைப் பொறி பெற்றுக்கொள்ளும். மக்ரோவோவெனின் நூலகத்தினுள் ஒரு சார்பாக இல்லை, விரிந்ததும் மறைந்துவிடுவது. அஃது ஏற்கும் வகை யாது, தரும் வகை யாது என்பன எங்கும் எழுதப்படவில்லை. ஆகலின் பைண்ட்ஜென் போன்ற கருவிகள் இத்தகைய மக்ரோக்களை விட்டுவிடுகின்றன; பிணைப்பெழுதுவோர் அவற்றைத் தம் மொழியில் மீள எழுதிக்கொள்கின்றனர்.

தலைப்புக் கோப்பிற் காணும் பெயர் நூலகத்தில் அப்பெயரோடு இருக்கும் என்பதும் உறுதியன்று. ஒரு கோப்பின் அளவு, திகதி முதலியவற்றை அறியப் பயன்படும் ‘ஸ்டாட்’ என்னும் சார்பை எல்லோரும் அறிவர். லினக்ஸ் முறைமையிற் பெரிதும் வழங்கும் குனூ சீ நூலகத்தில், 2021 பெப்ரவரியில் வெளிவந்த 2.33 ஆம் பதிப்புக்கு முன்னர், இயங்கும்போது இணைக்கப்படும் நூலகக் கோப்பினுள் அப்பெயரில் ஒரு சார்பு இருக்கவில்லை. வேறு பெயருடைய சார்பொன்றே உள்ளே இருந்தது. சீ மொழியில் எழுதியோருக்கு இவ்வேறுபாடு தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தது. பெயரை நம்பி நூலகத்தினுள் நேரே தேடிய பிறமொழிச் செய்நிரல்களோ வெறுங்கையுடன் திரும்பின.

இரண்டாவது தடை இடத்துக்கிடம் மாறும் அளவுகளினால் வருவது. ‘லோங்’ என்னும் நிறைவெண் வகை 64 பிற் லினக்ஸ் முறைமையில் 8 பைற் அகலமுடையது. 64 பிற் வின்டோஸ் முறைமையில் 4 பைற் அகலமே உடையது. தலைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருப்பதோ ஒரே சொல். லினக்ஸ் கணினியில் ஆக்கிய பிணைப்பை அவ்வண்ணமே வின்டோஸ் கணினிக்குக் கொண்டு சென்றால், ஒரு கட்டமைப்பினுள் அவ்வுறுப்புக்குப் பின்னுள்ள உறுப்புகள் இடம்பெயர்ந்து காணப்படும். காலத்தைக் குறிக்கும் வகையின் செய்தி இதனினும் நுட்பமானது. 32 பிற் அகலமுடைய காலக்கணக்கு 2038 ஜனவரி 19 ஆம் நாளுடன் நிரம்பிவிடும். இதற்குப் பரிகாரமாகக் குனூ சீ நூலகத்தின் 2.34 ஆம் பதிப்பு, 2021 இல், 32 பிற் முறைமைகளிலும் 64 பிற் காலக்கணக்கைத் தெரிந்தெடுக்க வழிசெய்தது. அத்தெரிவு ஒரு மக்ரோவினாற் செய்யப்படுவது. எனவே ஒரே இயந்திரத்தில், ஒரே தலைப்புக் கோப்பு, மக்ரோ இருப்பின் ஓருருவமும் இல்லாவிடின் மற்றோருருவமும் கொள்கின்றது. பிணைப்பு ஓருருவத்தையும் நூலகம் மற்றோருருவத்தையும் நம்பியிருப்பின் நேர்வது குழப்பமே.

அழைப்பு முறையிலும் இத்தகைய மறைவிடங்கள் உள. எத்தனை பெறுமானங்களையும் ஏற்கத்தக்க சார்புகள் சில சீ மொழியில் உண்டு. அச்சிடும் ‘பிறின்ட்எஃப்’ அவற்றுள் ஒன்று. பல கணினிகளில், இவற்றைச் சாதாரணச் சார்புகள் போல அழைத்தாலும் வேலை நடந்துவிடும். ஆயின் அப்பிள் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட எம்1 செயலிக் கணினிகளில், எண்ணிக்கை வரையறுக்கப்படாத அப்பெறுமானங்கள் வேறோரிடத்தில் வைக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. இவ்வேறுபாட்டைக் கருதாத பிணைப்பு ஓரிடத்தில் வைத்ததைச் சார்பு வேறோரிடத்தில் தேடும்.

இதுகாறும் கூறியவை உருவம் பற்றியவை. இவற்றை வெல்லுதல் கடினமாயினும் இயலாததன்று. மூன்றாவது தடையே ஆழமானது. அது பொருள் பற்றியது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ‘ஸ்ட்ர்டூப்’ என்னும் சார்பு, கொடுத்த தொடரைப் படியெடுத்துப் புதிய நினைவகத்தில் வைத்து அதன் முகவரியைத் தருவது. ‘கெட்என்வ்’ என்னும் சார்பு, செய்நிரலின் சூழல் மாறிகளுள் ஒன்றன் பெறுமானம் இருக்குமிடத்தின் முகவரியைத் தருவது. இவ்விரண்டின் அறிவிப்பையும் ஒன்றன்கீழொன்றாக எழுதிப் பார்ப்பின், பெயரையன்றி வேறுபாடு யாதுமில்லை. இரண்டும் எழுத்துச் சுட்டியொன்றை ஏற்கின்றன. இரண்டும் எழுத்துச் சுட்டியொன்றைத் தருகின்றன. ஆயின் முன்னது தந்த நினைவகம் அழைத்தவருக்கு உரியது. வேலை முடிந்ததும் அதனை விடுவித்தல் அவர் கடன். பின்னது காட்டிய நினைவகம் பிறருடைமை; அதனை விடுவித்தலாகாது. முன்னதை விடுவியாதுவிட்டால் நினைவகம் சிறிது சிறிதாகக் கசிந்தொழியும். பின்னதை விடுவித்தாற் செய்நிரலே நிலைகுலையும். இவ்வளவு பெரிய வேற்றுமை தலைப்புக் கோப்பின் எழுத்தில் இல்லை. கைந்நூலிலும் செய்தோர் மனத்திலுமே உள்ளது.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த எம் முன்னோர் பட்ட பாட்டை இவ்விடத்தில் நினைந்துகொள்ளலாம். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டுதலும் அரிது. மொழியறிந்தோர் இடம்நோக்கிச் சரியாக வாசித்தனர். மொழியறியாத ஒருவர் எழுத்தெழுத்தாகப் படியெடுப்பின், வடிவம் வந்துசேரும், சொல் வந்துசேராது. சீ மொழியின் எழுத்துச் சுட்டியும் புள்ளியிடாத எழுத்தைப் போன்றதே. அது ஒரு தொடரைக் குறிக்கலாம். ஓரெழுத்தை மட்டும் குறிக்கலாம். நூலகம் நிரப்புதற்கென ஒதுக்கிய வெற்றிடத்தையும் குறிக்கலாம்.

ஹார்ஃபஸ் நூலகத்துக்கே மீள்வாம். எழுத்துத் தொடரை அதனிடம் கொடுக்கும் சார்பு, சுட்டியொன்றையும் நீளத்தைக் குறிக்கும் நிறைவெண்ணொன்றையும் ஏற்கின்றது. அந்நிறைவெண் அச்சுட்டிக்குரிய நீளமே என்பதை வகை கூறாது. பெயரைக்கொண்டு மனிதர் உணர்வர். நீளத்துக்குப் பதிலாக −1 கொடுத்தால், முடிவிலுள்ள பூச்சியக் குறியைக்கொண்டு நீளத்தை நூலகமே கண்டுகொள்ளும் என்பது உடன்பாடு. அதுவும் வகையில் இல்லை. எழுத்துருக் கோப்பொன்றன் உள்ளடக்கத்தை ஒப்படைக்கும் சார்பிலோ இடர் இன்னும் மிகுதி. அதனைப் படியெடுத்துக்கொள்ளுமாறும் கூறலாம். படியெடாது இருந்தவிடத்திலேயே வாசிக்குமாறும் கூறலாம். பின்னதாயின், நூலகம் தன் வேலையை முடிக்குமளவும் அந்நினைவகம் அழியாதிருத்தல் வேண்டும். பைதன் போன்ற மொழிகள், ஒருவருக்கும் வேண்டாத நினைவகத்தைத் தாமே மீட்டுக்கொள்வன. சீ மொழிப் பக்கத்தில் ஒருவர் அதனை இன்னும் வாசித்துக்கொண்டிருக்கின்றார் என்பது பைதனுக்குத் தானாகத் தெரியாது. பிணைப்பெழுதியவர் அதனைத் தெரிவிக்கத் தவறின், வாசிக்கப்படும் நினைவகம் வாசிக்கும்போதே வேறொன்றுக்குக் கொடுக்கப்படலாம். சோதனை நாளில் யாவும் செவ்வனே நடந்து, பயன்படுத்துவோர் கையிலே பின்னொருநாள் முறிந்துபோதல் இத்தகைய பிழைகளின் இயல்பு.

தவறு நேர்ந்ததை அறிவிக்கும் முறையும் இவ்வாறே சார்புக்குச் சார்பு மாறுவது. கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ தவறினால் −1 தரும். அதே வேலைக்குரிய ‘எஃப்ஓப்பன்’ தவறினால் வெற்றுச் சுட்டி தரும். இழைகளை ஆக்கும் ‘பீத்ரெட்’ குடும்பத்துச் சார்புகள் பல, வெற்றிக்கு 0 உம் தவறுக்குத் தவறின் எண்ணையும் தரும். இவ்வழக்கங்களை மயங்கியறிவதால் வரும் தீங்கு சிறிதன்று. இணையத்திற் செய்திகளை மறைத்தனுப்பப் பயன்படும் ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகத்திற் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சார்பொன்று உண்டு. கையொப்பம் சரியெனின் 1, பொருந்தாதெனின் 0, சரிபார்த்தலே நடைபெறாதபடி வேறு தவறு நேரின் −1 என அது விடை தரும். தலைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்ததோ ‘நிறைவெண் தரும்’ என்பது மாத்திரமே. அந்நூலகத்தினுள்ளேயே சிலவிடங்களில், 0 அல்லாத விடையெல்லாம் வெற்றியெனக் கொள்ளப்பட்டிருந்தது. அதனாற் சில வகைக் கையொப்பங்களில், வேண்டுமென்றே சிதைத்தமைத்த போலியொன்று −1 ஐ வருவித்து, மெய்யானதாக ஏற்கப்படும் நிலை உண்டாயிற்று. 2009 ஜனவரியில் இக்குறை வெளியிடப்பட்டுத் திருத்தப்பட்டது. நூலகத்தின் மொழியிலேயே, நூலகத்தோடு பழகியோர் எழுதிய இடத்திலேயே இது நேர்ந்ததெனின், எழுத்தை மட்டுமே வாசிக்கும் பொறி இதனை எங்ஙனம் தவிர்க்கும்?

இனிப் பரிகாரங்களை நோக்குவாம். உருவம் பற்றிய தடைகளுக்கு உற்ற வழி, தொகுப்பியிடமே கேட்டறிதல். தலைப்புக் கோப்பைத் தாமே வாசிக்க முயன்ற கருவிகள் மக்ரோக்களிலும், தொகுப்பிக்குத் தொகுப்பி வேறுபடும் சிறப்பு வழக்குகளிலும் இடறின. பைண்ட்ஜென் அவ்வாறன்றிக் கிளாங் என்னும் முழுத் தொகுப்பியின் வாசிப்புப் பகுதியையே பயன்படுத்துகின்றது. சீஎஃப்எஃப்ஐ கருவியின் ஒரு முறையிற் சிறிய சீ மொழிச் செய்நிரலொன்று ஆக்கப்பட்டு அவ்வவ்விடத்துத் தொகுப்பிக்குக் கொடுக்கப்படும். கட்டமைப்பின் அளவும் உறுப்புகளின் இடமும் அத்தொகுப்பியின் வாயிலாகவே பெறப்படும். எவ்விடத்திற் பயன்படுமோ அவ்விடத்தில் அளத்தலே இதன் தத்துவம்.

பொருள் பற்றிய தடைக்கோ ஒரு வழியே உண்டு, எழுதாததை எழுதுதல். ஸ்விக் கருவி தலைப்புக் கோப்போடு வேறொரு குறிப்புக் கோப்பையும் ஏற்கும். இன்ன சார்பு தரும் நினைவகம் புதியது, அழைத்தவர் விடுவித்தல் வேண்டும் என்று அதிற் கூறலாம். நோம் திட்டத்தார் தம் நூலகங்களில், ஒவ்வொரு சார்புக்கும் மேலுள்ள குறிப்புரையிலேயே, உடைமை கைமாறுமா, சுட்டி வெறுமையாயிருக்கலாமா, எவ்வெண் எவ்வரிசையின் நீளம் என்பவற்றைப் பொறி வாசிக்கத்தக்க வடிவில் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தினர். ஹார்ஃபஸ் நூலகமும் அவ்வழக்கத்தைப் பின்பற்றுகின்றது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வின்டோஸ் முறைமையின் சார்புகளைப் பிறமொழிகளுக்குத் தர முற்பட்டபோது, தலைப்புக் கோப்புகளிலிருந்து பொறி திரட்டியதன்மேல் மனிதர் கையாற் பல திருத்தங்களைச் சேர்த்து விவரத் தொகுதியொன்றை ஆக்கி 2021 இல் வெளியிட்டது. அம்முறைமையைச் செய்தோருக்கே தலைப்புக் கோப்பு மட்டும் போதவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றினும் ஒருபடி மேலே சென்றது வல்கன் என்னும் வரைகலை இடைமுகம். 2016 பெப்ரவரியில் வெளிவந்த அதற்கு, மூல ஆவணம் தலைப்புக் கோப்பன்று. ஒவ்வொரு கட்டளையும் எவ்விடைகளைத் தரலாம், அவற்றுள் எவை வெற்றி, எவை தவறு, எவ்வுறுப்பு எவ்வரிசையின் நீளம், எதனைக் கொடாது விடலாம் என்பனவெல்லாம் அடங்கிய பட்டியலொன்றே மூலம். சீ மொழித் தலைப்புக் கோப்பும் அதிலிருந்தே பொறியால் ஆக்கப்படுகின்றது. பிறமொழிப் பிணைப்புகளையும் அதிலிருந்தே ஆக்கலாம். மூலத்திலே பொருளும் எழுதப்பட்டிருத்தலின், பெயர்ப்பிலும் அது நிலைபெறுகின்றது.

ஆயினும் முன்னரே எழுதப்பட்ட நூலகங்கள் எண்ணிறந்தன. அவற்றிற்கு இன்று கைக்கொள்ளத்தக்க முறை ஈரடுக்குப் பிணைப்பு. கீழடுக்கைப் பொறி ஆக்கட்டும். சார்புகளின் பெயர், வகை, அளவு ஆகியவற்றை அது சோர்வின்றித் தரும். அதன்மேல், உடைமையும் ஆயுளும் தவறும் அறிந்த மனிதர் மேலடுக்கொன்றை எழுதட்டும். பயன்படுத்துவோர் மேலடுக்கை மட்டுமே தொடட்டும். இதனைவிடுத்துப் பொறி தந்ததையே முடிந்த பொருளென வெளியிடுதல், சீ மொழியின் இடர்களையெல்லாம் வேற்றுமொழி உடையில் விற்பதாகும்.

மாணவர்க்கு ஒன்று கூறி அமைவாம். நீவிர் எழுதும் ஒவ்வொரு சார்பின் மேலும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதுக: இது தரும் நினைவகத்தை விடுவிப்பவர் யார்? இதற்குக் கொடுத்தது எதுவரை அழியாதிருத்தல் வேண்டும்? எவ்விடம் வெறுமையாயிருக்கலாம்? தவறினை எவ்விடையால் அறிவது? இந்நான்கும் எழுதும் நாளில் உமக்கு நன்கு தெரிந்திருக்கும். ஆதலின் எழுத வேண்டுமென்றே தோன்றாது. சில ஆண்டுகள் கழித்து, நீவிர் காணாத ஒருவர், நீவிர் அறியாத மொழியிலிருந்து அச்சார்பை அழைக்கும்போது அவருக்குக் கிடைப்பது உம் மனமன்று. நீவிர் எழுதிவைத்தது மாத்திரமே.